முழுப்பேர்

நாட்டின் பெயர் மாறியபோது தேயிலையின் பெயரைப் பொத்திப் பாதுகாத்தோம். கொழுந்து பறிப்பவர்களின் பெயரை மட்டும் ஆளுக்கொரு விதமாக மாற்றினோம். இந்த இரண்டு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டிய காலம் இது.

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு பொருள் உண்டு. ஒரு தொழிலாளி ஒரு நாள் செய்த வேலைக்குச் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் விழும் பதிவுதான் பேர். மாலையில் மலையிலிருந்து இறங்கி வரும் பெண்கள் கொழுந்து மடுவத்தில் வரிசையில் நிற்கிறார்கள். மூட்டை தராசில் ஏறுகிறது. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்துவிட்டு மீதியைக் கணக்கப்பிள்ளை எழுதுகிறார். தோட்டம் விதித்த கிலோ நிறைந்திருந்தால் அன்றைக்கு முழுப்பேர். குறைந்திருந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். காலையில் பிரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போனது முதல் மாலை வரை மலையில் நின்றவள் முழு மனுஷி. ஏட்டில் விழுவதோ பாதிப் பேர். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு மலையகம் தரும் முதல் பதில் இந்த வழக்கிலேயே இருக்கிறது. இங்கே பேர் என்றால் சோறு.

அந்த மூட்டையிலிருந்து கொட்டப்படும் கொழுந்துக்கும் ஒரு பெயர் காத்திருக்கிறது. ஆலையில் வாட்டி, உருட்டி, நொதிக்க வைத்து, உலர்த்தி, சலித்துத் தரம் பிரித்த பிறகு அது கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. பொதியாகிக் கப்பலேறும்போது அதன்மேல் ‘சிலோன் டீ’ என்று அச்சாகிறது. இலங்கையில் விளைந்து, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டு, தரத்திலும் தேறிய தேயிலை என்றால் வாள் ஏந்திய சிங்கத்தின் இலச்சினையும் சேர்ந்துகொள்ளும். ஆனால் சிலோன் என்ற பெயரில் இன்று ஒரு நாடு இல்லை. 1972 மே 22ஆம் திகதி குடியரசு யாப்போடு அந்தப் பெயர் அரச ஏடுகளிலிருந்து விலகியது. நாடு விட்ட பெயரைத் தேயிலை ஏன் விடவில்லை என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால், பெயர் யாருக்குச் சொந்தம் என்ற பெரிய கேள்விக்கு வந்து சேரலாம். பெயர் அதை வைத்தவருக்கு மட்டும் சொந்தமில்லை, அதற்குள் உழைப்பையும் நம்பிக்கையையும் வாழ்க்கையையும் இட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். தேயிலையின் விடயத்தில் இந்த உண்மையை அரசும் வணிகமும் ஒப்புக்கொண்டன. தேயிலை பறிக்கும் மக்களின் விடயத்தில் அதை இன்னும் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை.

நாடு மாறியது, தேயிலை மாறவில்லை

சிலோன் டீ என்ற பெயர் ஒரே நாளில் உருவானதில்லை. 1869இல் இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழிக்கத் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1873இல் லண்டனுக்குப் போன முதல் பொதி வெறும் 23 இறாத்தல். 1883இல் கொழும்பில் முதல் ஏலம் நடந்தது. 1890இல் வந்திறங்கிய தோமஸ் லிப்டன் தோட்டங்களை வாங்கி, தேயிலையைச் சிறு பொதிகளாக்கிச் சாதாரணக் குடும்பங்களின் சமையலறை வரை கொண்டுபோனார். 1932இல் தேயிலைப் பிரசாரத்துக்கென்றே ஒரு சபை அமைந்தது. கோப்பை கோப்பையாக, நூறு ஆண்டுகளாக, உலகின் நாக்கில் ஏறிய பெயர் அது. எனவே 1972இல் நாடு தன் பெயரை மாற்றிக்கொண்டபோது, அந்தப் பெயரோடு சேர்ந்து வாங்குபவரின் நம்பிக்கையும் போய்விடக் கூடாது என்ற எச்சரிக்கை தேயிலை வணிகத்துக்கு இருந்தது.

அதன் பிறகு நடந்தவற்றைக் கவனியுங்கள். தேயிலைத் தொழிலை ஒழுங்குபடுத்த 1976இல் இயங்கத் தொடங்கிய அமைப்பின் பெயர் இலங்கைத் தேயிலைச் சபை. ஆங்கிலத்திலும் அது ஸ்ரீலங்கா டீ போர்டுதான். அந்தச் சபை காத்து நிற்கும் பொருளின் பெயரோ சிலோன் டீ. காவலுக்கு இருப்பவர் புதிய பெயரை ஏற்றார், காக்கப்படும் பொருள் பழைய பெயரிலேயே இருந்தது. 2011 தொடக்கத்தில், அரச நிறுவனங்களின் பெயர்களில் எஞ்சியிருந்த சிலோனை நீக்க அரசாங்கம் முடிவெடுத்தபோதும் தேயிலையின் பெயருக்கு யாரும் கை வைக்கவில்லை. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கையின் கறுவாவுக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியபோது பதிவான பெயரும் ‘சிலோன் சினமன்’ என்பதே. நாடு கைவிட்டு ஐம்பது ஆண்டுகள் ஆன பெயருக்கு அந்த நாடே கேட்டுச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது என்றால், பெயர் சூட்டும் அதிகாரத்துக்கும் மேலே ஒன்று இருக்கிறது என்றுதானே பொருள்? பெயரைப் பலகையில் எழுதும் உரிமை அரசுக்கு இருக்கலாம். அந்தப் பெயரைக் கேட்டதும் ஒருவர் மனத்தில் எழும் நம்பிக்கை அரசுக்குச் சொந்தமில்லை. சிட்னியிலும் மொஸ்கோவிலும் பக்தாதிலும் தேநீர் குடிப்பவர்களின் மனத்தைக் கேட்காமல் கேட்டு, அதற்குக் கட்டுப்பட்டுத்தான் 1972இல் தேயிலையின் பெயர் அப்படியே விடப்பட்டது.

ரசிகர்கள் காத்த பெயர்கள்

பெயர் மாறும்போது அதை நேசித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு நம்மைச் சுற்றியே சான்றுகள் கிடக்கின்றன. சிலோன் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. அறிவிப்பாளர்கள் நாள்தோறும் புதிய பெயரைச் சொல்லியே நிகழ்ச்சிகளைத் தொடங்கினார்கள். கே.எஸ். ராஜாவின் குரலுக்கும் பி.எச். அப்துல் ஹமீதின் குரலுக்கும் காத்திருந்த தமிழ்நாட்டு நேயர்கள் அந்தப் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டார்கள், வாயில் மட்டும் ‘சிலோன் ரேடியோ’ என்றே சொன்னார்கள். அவர்கள் யாருக்கும் எதிராகப் போராடவில்லை. தங்கள் பிரியத்துக்கு எந்தப் பெயர் பழகியதோ அதை விட மறுத்தார்கள். தமிழ்நாட்டு உணவகங்களில் இன்றும் விற்கும் சிலோன் பரோட்டாவும் அப்படிப்பட்ட பெயர்தான்.

பொழுதுபோக்குப் பூங்காக்களின் கதையும் இதே தடத்தில் போகிறது. கொச்சியில் 2000இல் திறக்கப்பட்ட வீகாலேண்ட் பிற்பாடு வொண்டர்லா ஆனது. சென்னைக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. கோல்டன் பீச்சாக இருந்த இடம் யுனிவர்சல் கிங்டம் ஆனது; போகிறவர்களுக்கு அது இன்னும் வி.ஜி.பி.தான். இத்தகைய மாற்றங்கள் வரும்போது பழைய பெயரோடு பள்ளிச் சுற்றுலாவையும் முதல் ராட்டினத்தையும் முடிச்சுப் போட்டு வைத்திருந்தவர்களுக்கு மனம் நோகும். அந்த நோவு உண்மையானது. ஆனாலும் அது ஆறிவிடுகிறது. ராட்டினம் அங்கேயே இருக்கிறது, பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அதே இடத்துக்கு அழைத்துப் போகலாம், பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கவும் தடையில்லை. நுவரெலியாவில் 1897இல் மகாராணியின் வைர விழா நினைவாகப் பெயர் பெற்ற விக்டோரியா பூங்கா இன்றும் அந்தப் பெயரிலேயே வசந்தகாலக் கூட்டத்தை வரவேற்கிறது. கொழும்பில் அதே பெயரில் இருந்த பூங்கா சுதந்திரத்துக்குப் பின் விகாரமகாதேவிப் பூங்கா ஆனது. இரண்டு ஊர்களிலும் புல்வெளியும் மர நிழலும் மக்களுக்குக் குறையவில்லை.

எனவே எல்லாப் பெயர் மாற்றத்தையும் ஒரே தராசில் நிறுப்பது பிழை. ஒரு பெயரோடு மனிதருக்கு மூன்று விதமான உறவு இருக்கலாம். முதலாவது, வந்து போகிறவரின் உறவு. அங்கே இழப்பு நினைவு சார்ந்தது. இரண்டாவது, அந்தப் பெயரின் கீழ் உழைத்து அதற்கு மதிப்புச் சேர்த்தவரின் உறவு. அங்கே இழப்பு பங்கு சார்ந்தது. மூன்றாவது, அந்தப் பெயரைத் தன் உடலின்மேல் சுமக்கிறவரின் உறவு. அங்கே இழப்பு உரிமை சார்ந்தது. முதலாமவரைக் கேட்பது மரியாதை, இரண்டாமவரைக் கேட்பது நியாயம், மூன்றாமவரைக் கேட்காமல் எதையும் செய்யவே கூடாது. நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. கடல் கடந்து தேநீர் குடிப்பவரின் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டார்கள். மலையில் நின்று பறிப்பவரை அவருடைய சொந்தப் பெயர் விடயத்தில்கூட யாரும் கேட்கவில்லை.

ஏட்டில் எழுதப்பட்டவர்கள்

பெருந்தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களுக்கு இந்த மண்ணில் எத்தனை பெயர்கள்! தோட்டத்துரையின் ஏட்டில் ‘கூலி’. அயலாரின் ஏளனத்தில் ‘தோட்டக்காட்டான்’. குடிவரவுக் கெடுபிடிக் காலத்தில் ‘கள்ளத்தோணி’. அரச ஏட்டில் ‘இந்தியத் தமிழர்’. இந்தக் கடைசிப் பெயர் பழமையானது என்று பலர் நினைக்கிறார்கள். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு தனிப் பிரிவுகள் குடிசன மதிப்பீட்டில் இடம்பெற்றது 1911இல்தான். கணக்கெடுப்பு வசதிக்காகப் போட்ட ஒரு கோடு, நாற்பது ஆண்டுகளுக்குள் மனிதர்களை வெளியே தள்ளும் வேலியாக மாறியது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியபோது, அவர்களுடைய பெயரின் முன்னொட்டே அவர்களுக்கு எதிரான சாட்சியாக நின்றது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பிரித்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவாயிற்று. அந்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். இவற்றில் எந்த மேசையிலும் அந்த மக்களின் விருப்பம் ஒரு கோப்பாகக்கூட வைக்கப்படவில்லை.

கப்பலேறிப் போனவர்களுக்கு அக்கரையில் என்ன பெயர் காத்திருந்தது? அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுதான் இன்றைய டேன்டீ. அங்கே அதே கொழுந்தை, அதே குளிரில், அதே கைகளால் பறித்தார்கள். ஊரார் அவர்களைச் ‘சிலோன்காரர்’ என்று அழைத்தார்கள். இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர். இரண்டு கரையிலும் அவர்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மறுகரையின் பெயர் எழுதப்பட்டிருந்தது. சிலோன் என்ற சொல் தேயிலைப் பொதியின்மேல் இருக்கும்போது தரத்தின் அடையாளம். அந்தத் தேயிலையைப் பறித்தவரின்மேல் ஒட்டியபோது வெளியாள் என்பதன் அடையாளம். ஒரே சொல் பண்டத்தை உயர்த்தியது, மனிதரைத் தள்ளி நிறுத்தியது.

இதற்கு எதிர்த்திசையில் மெல்ல மெல்ல நடந்த இன்னொரு பெயர் மாற்றமும் உண்டு. 1939இல் தொடங்கிய இலங்கை இந்திய காங்கிரசின் தொழிற்சங்கம் 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று தன்னை மாற்றிக்கொண்டது. பிரசாவுரிமை பறிபோன இரண்டே ஆண்டுகளில் ‘இந்திய’ என்ற சொல்லை இறக்கிவிட்டு ‘தொழிலாளர்’ என்ற சொல்லை ஏற்றியதில் தெளிவான அரசியல் இருந்தது: எங்கள் உரிமை பூர்வீகத்திலிருந்து வருவதில்லை, உழைப்பிலிருந்து வருகிறது என்பதுதான் அது. மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்ற கவிதை நூலைச் சக்தி பாலையா தமிழாக்கியபோது அது ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தலைப்புப் பெற்றது. வெளியுலகத்துக்குச் சொல்லும்போது தேவைப்பட்ட சிலோன், தம் மக்களிடம் பேசும்போது தேவைப்படவில்லை. எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் தொழிற்சங்கத்தாரும் வழங்கி வழங்கி ‘மலையகம்’ என்ற சொல்லை வேர்விட வைத்தார்கள். அந்தனி ஜீவா நடத்திய ‘கொழுந்து’ போன்ற இதழ்கள் அதற்கு நீர் வார்த்தன. 1989இல் பெ. சந்திரசேகரன் தொடங்கிய கட்சி மலையக மக்கள் முன்னணி என்றே பெயர் கொண்டது. 2023இல் மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியிலேயே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை நீண்ட அந்த நடையில் அவர்கள் ஏந்திய ‘மலையகம்’ என்ற பெயரை எந்த வர்த்தமானியும் அவர்களுக்குக் கொடுத்திருக்கவில்லை. அவர்களாகவே எடுத்துக்கொண்ட பெயர் அது.

பலகை இறங்கியபோது

பெயரை மேலிருந்து மாற்றினால் என்ன நடக்கும் என்பதையும் மலையகம் அண்மையில் பார்த்தது. ஹட்டன் தொழிற்பயிற்சி நிலையம், நோர்வூட் மைதானம், ரம்பொடை கலாசார நிலையம் ஆகியவற்றில் இருந்த மலையக அரசியல் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் பெயர் 2017இல் நீக்கப்பட்டது. தோட்டங்களிலும் நகரங்களிலும் எதிர்ப்பு எழுந்தது, ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. இதை ஒரு கட்சியினரின் கோபம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. பொதுப் பணத்தில் இயங்கும் நிலையங்களுக்கு ஓர் அரசியல் தலைவரின் பெயர் ஏன் என்ற கேள்வியும் அன்று எழுந்தது; அது மதிக்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியைப் பெயர் வைத்த நாளில் மக்களிடம் வைத்திருக்க வேண்டும். பெயர் ஏறியதும் ஆட்சியிலிருந்தவர்களின் முடிவு, இறங்கியதும் ஆட்சியிலிருந்தவர்களின் முடிவு. அந்த மைதானத்தில் பந்தாடிய இளைஞர்களிடமும் அந்த நிலையத்தில் தொழில் கற்றவர்களிடமும் இரண்டு தடவையும் யாரும் பேசவில்லை. தொண்டமானை ஏற்றுக்கொண்டவர்களுக்கு மட்டுமல்ல, அவரைக் கடுமையாக விமர்சித்தவர்களுக்கும் இதில் கவலைப்பட வேண்டிய பாடம் இருக்கிறது. கேட்காமல் எழுதப்பட்ட பெயர் கேட்காமலே அழியும்.

கேட்டுப் பெற்ற பெயருக்கு இருக்கும் பலத்தைத் தமிழ்நாடு காட்டியிருக்கிறது. சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்து 1956இல் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 பொங்கலன்று அது நடைமுறைக்கு வந்தது. மக்கள் கேட்டுக் கிடைத்த அந்தப் பெயர் இன்று அசைக்க முடியாதது. 1996இல் நகரத்தின் பெயரும் ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்பதிலிருந்து சென்னையாக மாறியது. ஆனால் உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்ற பெயரையே வைத்திருக்கின்றன. யாரும் அதை முரண்பாடு என்று சொல்வதில்லை. புதிய பெயரை ஏற்பதும் பழைய பெயரின் மதிப்பைக் காப்பதும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை.

எதிர்வாதங்களும் பதில்களும்

முதல் எதிர்வாதம் இது: சிலோன் டீ என்பது வணிகக் குறி, மலையகத் தமிழர் என்பது ஓர் இனத்தின் பெயர், இரண்டையும் ஒப்பிடலாமா? ஒப்பிடத் தூண்டுவதே அந்த வணிகக் குறிதான். சுற்றுலா விளம்பரத்தையும் தேயிலைப் பெட்டியையும் பாருங்கள். பச்சை மலைச் சரிவு, நெற்றியில் கயிறு, முதுகில் கூடை, சிரிக்கும் ஒரு பெண். தேயிலையின் சுவையைப் பெட்டிக்கு மேலே காட்ட முடியாது. எனவே அவளைக் காட்டுகிறார்கள். கையால் கிள்ளிய இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்ற பெருமையும் அவள் விரல்களிலிருந்து வருகிறது. பெட்டியின்மேல் அவள் முகம் இருக்கிறது, பெட்டியின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, அவள் பெயர் மட்டும் எங்கும் இல்லை. இன்றைய இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சிறுதோட்ட உரிமையாளர்களிடமிருந்து வருகிறது, அவர்களில் பெரும்பாலோர் தாழ்நிலச் சிங்கள விவசாயிகள் என்று சிலர் சுட்டிக்காட்டலாம். அது உண்மை, அவர்களுடைய உழைப்பும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது, அவர்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் நுவரெலியா, திம்புளை, உடபுசல்லாவ, ஊவா என்று தேயிலை உலகம் மணம் பார்த்துச் சொல்லும் பிரதேசப் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டி எழுப்பியவர்கள் லயங்கள் என்ற வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்கள்தான். மற்றவர்களுக்கும் பங்கு உண்டு என்பதால் இவர்களின் பங்கு இல்லாமல் போகாது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது. சம்பளம் போதவில்லை, நூறு வருட லயத்தில் கூரை ஒழுகுகிறது, காணி உரிமை இல்லை. இந்த நிலையில் பெயரைப் பற்றிப் பேசுவது பசித்தவனுக்குப் பூமாலை போடுவது ஆகாதா? சோறும் கூரையும் காணியும் முதலில் வேண்டும் என்பதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் அவை ஏன் இவ்வளவு காலம் கிடைக்கவில்லை என்று கேட்டால் பெயரிடம்தான் திரும்பி வர வேண்டியிருக்கிறது. ‘இந்திய’ என்ற முன்னொட்டு பிரசாவுரிமையைப் பறிக்க உதவியது. பிரசாவுரிமை போனதும் வாக்குரிமை போனது. வாக்கில்லாதவரின் கூரையைப் பற்றி எந்த அரசுக்கும் அவசரமில்லை. ‘தோட்டம்’ என்ற பெயரும் அப்படியே வேலி போட்டது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட இடம் தரவில்லை. அதைத் திருத்த 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே சாலையில் கிராமம் என்று பெயர் பெற்ற பக்கத்துக்கு விளக்கு வந்தது. தோட்டம் என்று பெயர் பெற்ற பக்கம் இருட்டில் இருந்தது. பெயர் வயிற்றை நிரப்பாது என்பது சரி. தவறான பெயர் தட்டைப் பறிக்கும் என்பதை இந்த மக்களின் வரலாறே சொல்கிறது.

மூன்றாவது எதிர்வாதம் மலையக மக்களுக்குள்ளிருந்தே வருகிறது. எல்லோரும் மலையில் இல்லை. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்பவர்கள், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியவர்கள், தேயிலையையே காணாத தலைமுறை என்று பலர் இருக்கிறார்கள். இந்திய வம்சாவளி என்ற அடையாளத்தை விட மனமில்லாதவர்களும் உண்டு. பூர்வீகத்தின்மீது பற்றும், இந்தியா தரும் வீட்டுத் திட்டங்களும் புலமைப்பரிசில்களும் அதற்குக் காரணங்கள். இலங்கைத் தமிழர் என்றே பதிந்துகொள்கிறவர்களும் ஏராளம். 2012 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழராகப் பதிவானவர்கள் 8 இலட்சத்து 39 ஆயிரம், அதாவது நாட்டின் 4.1 வீதம். 2024 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர், மலையகத் தமிழர் என்ற இரண்டு பெயர்களும் ஒரே பிரிவாகச் சேர்ந்து வந்தபோது அந்த விகிதம் 2.8 ஆக நின்றது. இந்த வேறுபாடுகளை மறைக்க வேண்டியதில்லை. ஒருவர் எந்தப் பெயரைத் தேர்ந்தாலும் அவர் சுயமாகத் தேர்ந்தார் என்பதே முக்கியம். அச்சத்தால் ஒரு பெயரைச் சொல்வதும், கணக்கெடுப்பவர் தானே நிரப்பிவிட்டுப் போவதும் தேர்வாகாது. மலையகம் என்ற சொல் இன்று வெறும் உயரத்தைக் குறிக்கவில்லை, பகிர்ந்துகொண்ட ஒரு வரலாற்றைக் குறிக்கிறது. யாழ்ப்பாணத்தவர் கனடாவில் இருந்தாலும் யாழ்ப்பாணத்தவர்தான். கிளிநொச்சியில் இருப்பவர் மலையகத்தவர் ஆவதற்கும் தடையில்லை.

இறுதியாக, சிலோன் என்பது வெள்ளையர் வாயில் உருவான பெயர், அதைத் தேயிலையிலிருந்தும் கழற்ற வேண்டாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தமிழில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. ஆங்கிலத்தில் இன்றும் பேங்க் ஒஃப் சிலோன் என்று இருப்பது தமிழில் என்றும் இலங்கை வங்கிதான். அந்நியர் இட்ட பெயருக்குள்ளும் உழைப்பவர் தம் வாழ்வை இட்டு அதைத் தமதாக்கிவிட முடியும். ஸ்கொட்லாந்து இடங்களின் பெயரை நினைவுக்காக வைத்துவிட்டுப் போன துரைமார் இன்று இல்லை. ஹட்டன், டன்சினன், எடின்பரோ என்ற அந்தப் பெயர்கள் இன்று தமிழ் நாவுக்கு வசப்பட்டு நம் ஊர்களாக நிற்கின்றன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. தலைப்புத் தாளில் கம்பனிப் பெயர் மாறியதே தவிர, மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று மக்கள் வழங்கும் தோட்டப் பிரிவுகளின் பெயர் மாறவில்லை. பெயரின் பிறப்பைவிட, அதை இன்று யார் நிரப்புகிறார்கள் என்பதே அதன் உண்மையான உரிமையைத் தீர்மானிக்கிறது.

இனி என்ன செய்யலாம்? பெரிய செலவு பிடிக்காத காரியங்கள் இருக்கின்றன. மலையகத்தில் பாடசாலையோ மைதானமோ புதிய கிராமமோ எதுவானாலும், பெயர் வைப்பதற்கு முன்னும் மாற்றுவதற்கு முன்னும் அங்கே வாழ்பவர்களின் கூட்டத்தில் அது பேசப்பட வேண்டும். மலையகத் தமிழர் என்ற பெயர் சாய்கோட்டுக்குப் பின்னால் ஒட்டிய துணைப் பெயராக இல்லாமல், விரும்புகிறவர்களுக்குத் தனியான முழுப் பெயராகப் பிறப்புச் சான்றிதழிலும் கணக்கெடுப்பிலும் நிற்க வேண்டும். கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போய்ச் சேரும் நிலை மாறி, வீட்டு இலக்கமும் தெருப் பெயரும் கொண்ட முகவரிக்கு வர வேண்டும். சிலோன் டீயின் வரலாற்றைச் சொல்லும் அரச வெளியீடுகளில் டெய்லருக்கும் லிப்டனுக்கும் கொடுக்கும் பக்கத்தோடு, அந்தச் செடிகளை வைத்து வளர்த்த மக்களுக்கும் அவர்கள் ஏற்ற பெயரில் ஒரு பக்கம் வேண்டும். ஆண்டுக்கு 100 கோடி டொலருக்கு மேல் நாட்டுக்குக் கொண்டுவரும் ஒரு பெயரைக் காக்க இலச்சினையும் சபையும் சட்டமும் இருக்கும்போது, அந்தப் பெயரைச் சுமப்பவர்களுக்கு இவ்வளவாவது செய்ய முடியாதா?

அடுத்த முறை கணக்கெடுப்பு அலுவலர் ஒருவர் மழைச்சகதி மிதித்து லயத்து வாசலுக்கு வருவார். படிவத்தில் இனம் என்ற கட்டம் இருக்கும். முகவரியைப் பார்த்தே அந்தக் கட்டத்தை நிரப்பிவிடும் அவசரம் அவருக்கு இருக்கலாம். பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு நிமிடம் அவர் காத்திருக்கட்டும். மலையில் கிள்ளிய கொழுந்துக்குக் கிலோ குறைந்தால் அரைப்பேர் போட ஓர் ஏடு இருக்கிறது. வாசலில் நிற்கும் அந்தப் பெண் தன்னை என்னவென்று சொல்கிறாளோ, அதை அப்படியே எழுதிக்கொள்ளும் ஏடு ஒன்றாவது இந்த நாட்டில் இருக்க வேண்டும். அங்கேதான் அவளுக்கு முழுப்பேர் விழும்.